நல்ல சேதி மட்டும் சொன்ன வீடு

போன வியாழக்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அக்ரஹாரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு மாமி, என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே வாராவாரம் பத்திரிகையில எழுதறேள்? போட்டோவைப் பாத்திருக்கேன். உங்காத்துக்காரர் சானடோரியத்துல கிடக்கறச்சேயும் சிரிச்ச முகமா இருக்கறதைப் பத்தி எழுதியிருந்தேளே... அதைக் கத்தரிச்சு அடுக்களைச் சுவர்ல ஒட்டி வெச்சிருக்கேன். மனசு சோர்ந்தா அதைத்தான் படிக்கறேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ரொம்ப சந்தோஷம் மாமி" என்றேன். பழக்கதோஷம்!

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயெல்லாம் கசந்தது. அதைக் கிழித்துப் போடுங்கள் என்று நேரில் சொல்லத் துணிச்சல் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த மாமியும் படிப்பாராக்கும்.

பழைய வாசகர்களுக்குப் பாதிக் கதை தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கணவருக்கு க்ஷயரோகம் என்றார்கள். சாலை பஜாரில் ஜவுளிக்கடை மேனேஜர். நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை பார்த்த மனுஷர். ஊருக்கு வெளியே சானடோரியத்தில் படுக்கவைத்தோம்.

"மருந்து பாதி, மனசு பாதி. கவலை தருகிற சேதி எதுவும் அவர் காதில் விழக்கூடாது" என்றார் அங்கிருந்த டாக்டர்.

நான் பள்ளிக்கூட டீச்சர். யாராவது ஒரு விதி சொல்லிவிட்டால் போதும், அதற்கு டைம்டேபிள் போட்டுவிடுகிற ஜாதி. வீட்டில் நானும் பத்து வயது மகள் விசாலமும் மட்டும். தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் அப்பாவிடம் கொண்டுபோக வேண்டும். புலம்பல் கூடாது. கண்ணீர் கூடவே கூடாது. மழையில் குடை பறந்துபோய்ப் பிள்ளை நனைந்து வந்தபோது, "தலை பத்திரமா இருக்குல்லா? அதுக்கு சந்தோஷப்படு" என்று சொன்னவள் நான்.

எனக்கே என்மேல் பெருமை. அந்தப் பெருமையில்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன். எத்தனை கடிதங்கள்! எத்தனை பாராட்டு!

ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். விசாலம் வெளியே மரத்தடியில் நிற்பாள். அவர் வராந்தாவுக்கு வந்து கையசைப்பார். அன்றைக்கு, "விசாலம்!" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் எங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் மெதுவாக நடந்து வராந்தாவின் மறு கோடிக்குப் போய், அவளுடைய வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டார். சட்டென்று திரும்பினாள்.

"கோமதி, பிள்ளைக்கு இடது காது கேக்கல்ல" என்றார்.

"சும்மா இருங்க, அவ விளையாட்டுப் பராக்குல நிக்கா" என்றேன் நான். வேறென்ன சொல்வேன்? அது நல்ல சேதி இல்லையே!

வீட்டுக்கு வந்து அவள் காதை மூடியிருந்த முடியை விலக்கினேன். உள்ளே பஞ்சு. எடுத்ததும் குப்பென்று சீழ் நாற்றம்.

"எப்ப இருந்துட்டி இது?"

"ஓணப் பரீட்சைக்கு முன்னாடியே."

ஆவணியிலிருந்து மாசி வரை, ஆறு மாதம்!

"ஏம்ட்டி எங்கிட்ட சொல்லல்ல?"

சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். "காது வலிக்குன்னு சொன்னா, இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு, அதுக்கு சந்தோஷப்படுன்னு சொல்லுவியே அம்மா."

சொல்லியிருப்பேனா? கூசாமல் சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. 'இன்னைக்கு என் தலையணை உறையை நானே துவைச்சேன்' என்று அவள் அடிக்கடி ஒரு நல்ல சேதி சொல்வாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று அதையும் இந்தப் பத்தியில் எழுதிப் பீற்றிக்கொண்டேன். சீழ்க்கறை என் கண்ணில் படாமலிருக்கத் துவைத்திருக்கிறாள்.

மறுநாள் காது டாக்டர், மலையாளி, பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்தா அம்மா, இத்தனை நாள் எவிடே போயிருந்து? எலும்புவரை போயிருக்கு. ஆபரேஷன் செய்தா உயிருக்கு பயமில்லா. பக்ஷே இந்தக் காது... இனி கேக்காது, கேட்டோ."

பெனிசிலின் ஊசி, ஆபரேஷன், கட்டு. மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் சொன்னது: "வலிக்கல்ல அம்மா." அந்த வார்த்தையைக் கேட்டு நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சானடோரியம் டாக்டரின் விதியை உடைத்தேன். எல்லாவற்றையும் என் கணவரிடம் சொன்னேன். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு ஞாயிறும் வந்து நல்லது நல்லதாச் சொல்லுவ கோமதி. அவ நல்ல மார்க்கு வாங்கினா, நீ பேரு வாங்கின, கூரை ஒழுகல்ல... கேட்டுக் கேட்டு நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நான் இல்லாமலே வீடு நல்லா ஓடுகு. இனி நான் வந்து என்ன செய்யப்போறேன்னு நினைச்சேன். ஊசி போட வந்தாக்கூட வேண்டாம்னு சொல்லத் தோணிச்சு."

கவலை வேண்டாம் என்று மறைத்து மறைத்து, அவரையே வேண்டாதவராக்கியிருந்தேன்!

பிறகு அவர் அழுதார். நானும் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கிளம்பும்போது, "கட்டு பிரிச்சதும் லெட்டர் போடு. என்னை எப்ப விடுவாங்கன்னு கேளு" என்றார். அத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் இருக்கிறார். அதற்கு நன்றி இல்லாமலா? நிறைய இருக்கிறது. ஆனால் அந்த நன்றியை யாருடைய வாயையும் அடைக்க இப்போது நான் எடுப்பதில்லை. சாப்பிடும்போது சோறு குழைந்துவிட்டது என்கிறார், திட்டுகிறார், நானும் திருப்பித் திட்டுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

விசாலத்துக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பில் வலது காதை டீச்சர் பக்கம் திருப்பி உட்காருகிறாள்.

நேற்று அலமாரிக் கதவில் அவள் விரல் நசுங்கியது. நகம் கறுத்து ரத்தம் கட்டிவிட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அழுட்டி மக்கா, நல்லா அழு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."

உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

அச்சு அசல் என் சிரிப்பு.