ராசுவுக்குக் குழி வெட்டப் போனேன்

போன புதன்கிழமை ராசு செத்துப்போனான்.

நான் பிறந்த தோட்டத்திலிருந்து யாரோ டவுன் கொமியூனிகேஷன் கடைக்குப் போன் பண்ண, கடைக்காரரே என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார். காலையில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தானாம். அவ்வளவுதான். மறுநாள் அடக்கம்.

விடிந்ததும் கேகாலையிலிருந்து பஸ் பிடித்தேன். ரப்பர் இலை உதிரும் மாதம். மலை முழுக்கச் சிவப்பு. எனக்கோ வழியெல்லாம் ஒரே நினைப்பு — குழி வெட்ட என்னைக் கூப்பிடுவார்களா?

விசித்திரமான கவலைதான். தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒருவன் செத்தால் அவனுடைய கூட்டாளிகள்தான் குழி வெட்டுவார்கள். கூலி கிடையாது. சாராயம் உண்டு. மண்வெட்டியும் போத்தலும் சேர்ந்தே மலை ஏறும்.

நான் குடியை விட்டவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். விட்ட பிறகு யார் சாவுக்கும் என்னைக் குழிக்குக் கூப்பிட்டதில்லை. நாற்காலி போடுகிறார்கள்! குடித்துக் கிடந்தபோது தரையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், இப்போது துடைத்து நாற்காலி போடுகிறார்கள். மரியாதை எவ்வளவு குளிரான சாமான் தெரியுமா?

புது வாழ்க்கை ஒன்றும் குறைச்சலில்லை. காலையில் நடை. இருட்டுமுன் வீடு. நல்ல தூக்கம். மனைவி முகத்தில் சிரிப்பு. வீடு கட்டி முடித்தாகிவிட்டது... வந்து உட்காரத்தான் ஆளில்லை.

ராசு ஒருவன்தான் வந்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தால் நேரே என் வீடு. தேத்தண்ணி குடிப்பான். ஊர்க்கதை பேசுவான். பிறகு எழுந்து, "சரிடா, நான் போய் என் வேலையைப் பாக்குறேன்" என்று சாராயத் தவறணைப் பக்கம் போவான். என்னோடு குடிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே குடிகாரன்.

அவனுக்கு நான் மண் வெட்ட வேண்டாமா?

ராசுவின் லயத்து வீட்டு வாசலில் மூக்கையா ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். குழி வேலைக்கு எப்போதும் அவன்தான் தலைவன். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்தான்.

"நீங்க ஒக்காருங்கண்ணே. வர்ற சனத்தப் பாத்துக்கங்க."

"நானும் குழிக்கு வர்றேன்."

"வேணாம்ணே. அங்க சாமான் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"நல்லா இருக்கே! நீங்க குடிச்சா எங்க அண்ணி வந்து எங்களப் பொதைச்சிரும். குடிக்காட்டி நாங்க எப்படிக் குடிக்கிறது? பாதர் பக்கத்துல நிக்கிற மாதிரில்ல இருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை காலம் நான் அவர்களுக்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறேன்... அவர்கள் எனக்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறார்கள்.

உள்ளேயிருந்து ராசுவின் மனைவி தெரேசா எழுந்து வந்தாள். அழுது குரல் போயிருந்தது.

"அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. இந்த மனுசன் அண்ணன் பக்கத்துல மட்டுந்தான் கையில கிளாஸ் இல்லாம ஒக்காந்திருந்தாரு."

மூக்கையா ஒரு மண்வெட்டியை என் கையில் வைத்தான்.

மயானம் மலையுச்சியில். மழை கண்டு நாளான மண். நெஞ்சளவு போனதும் செம்பாறை தட்டியது. அலவாங்கால் — கடப்பாரைதான் — குத்தினால் கை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மேலே ஏறி வட்டமாக உட்கார்ந்தோம். போத்தல் திறந்தது. ஒரே கிளாஸ். கைமாறி வந்தது. என் பக்கத்திலிருந்த சுனில் — சிங்களக் கிராமத்துக்காரன், ராசுவோடு பால் வெட்டியவன் — குடித்துவிட்டு, என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அடுத்தவனிடம் கொடுத்தான்.

ஆசை வரவில்லை என்று எழுதலாம். வாராவாரம் எழுதுகிறவனுக்கு ஒரு பொய் பெரிய காரியமா? வந்தது. ஆனால் வந்த இடம்தான் எனக்கே புதிது. நாக்கில் இல்லை, தோளில். தோளோடு தோள் உரசி, ஒருவன் உதடு பட்ட இடத்தில் அடுத்தவன் வாய்வைத்து, செத்தவனைக் கெட்ட வார்த்தையில் திட்டி அழுவார்களே... அந்த அழுகை. நிதானத்தில் எனக்கு அது வருவதே இல்லை. அதற்கு ஒரு கிளாஸ் போதும். ஒன்றே ஒன்று.

கிளாஸ் மறுபடி சுற்றி வந்தது. என் கை மடியை விட்டு எழுந்தது. கிளாஸை நோக்கித்தான்.

சடாரென்று எழுந்து குழிக்குள் குதித்தேன்.

உள்ளே சாராய வாசம் எட்டவில்லை. அலவாங்கை ஓங்கினேன். பாறை கொஞ்சமாக உதிர்ந்தது. இன்னும் ஓங்கினேன். எங்கிருந்து வந்ததோ...

"போடா நாயே! ஞாயித்துக்கிழமை இனி எவன்டா வருவான்?"

சத்தமாகவே கத்திவிட்டேன். அழுதுகொண்டே குத்தினேன். மேலேயிருந்து மூக்கையாவின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"என்னண்ணே... குடிக்காமலே இப்படித் திட்டுறீங்க?"

கிளாஸை யாரிடமோ கொடுத்துவிட்டு அவனும் குதித்தான். நான் உடைக்க, அவன் அள்ளிப் போட்டான். சின்னக் குழி. திரும்பினால் தோள் இடிக்கும். இடித்தது. இடிபட்டுக்கொண்டே வெட்டினோம். முடித்து நிமிர்ந்தபோது சுனில் மேலேயிருந்து நாலு மூலையையும் பார்த்து, "நியமாய்!" என்றான். அருமை என்கிறான்.

அடக்கம் முடிந்தது. மலைத்தண்ணி கொட்டும் பீலிக்கரையில் கை கழுவும்போது கொப்புளமெல்லாம் எரிந்தது. மூக்கையா பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, அடுத்த குழிக்கும் வந்துருங்க. சொல்லி அனுப்புறோம்."

"அடுத்தது யாருக்குடா?"

"அது யாருக்குத் தெரியும்? எனக்காக்கூட இருக்கும். ஆனா ஒங்களக் கூப்புட ஆள் வரும்."

இப்படியொரு அழைப்புக்குப் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தவன், சப்ரகமுவ மாகாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!