இங்கிலாந்துத் தறியும் என் இரண்டு காதுகளும்

சத்தம் போட்டுக் காட்டுவதற்குச் சம்பளம் வாங்கும் உத்தியோகம் என்னுடையது. ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில், மூடிப்போன நூற்பாலை ஒன்றை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே இங்கிலாந்தில் இருந்து வந்த பழைய விசைத்தறி ஒன்று நிற்கிறது. அதை ஓட்டிக் காட்டி, பிறகு நிறுத்தி, இங்கிலாந்தில் ஆலைகள் வந்து சனங்களின் வாழ்க்கையை எப்படிப் புரட்டிப் போட்டன என்று சொல்வது என் வேலை. இதில் என் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் காது போகும். நின்று நின்று கால் வீங்கியவர்கள், குனிந்து குனிந்து முதுகு போனவர்கள் எல்லோரும் வாருங்கள், நாம் ஒரே கூட்டம். ஜெர்மன்காரர்கள் சொன்னதையும் என் தமிழிலேயே தருகிறேன்.

பூட்டிய கேட்

வீட்டில் கைத்தறி வைத்திருந்த காலத்தில் இங்கிலாந்து நெசவாளி நினைத்தபோது நெய்தான், திங்கட்கிழமை மனமில்லை என்றால் படுத்துக் கிடந்தான் என்று சொல்வேன். கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு ஏக்கம் தெரியும். பிறகு ஆலை வந்தது, ஆலைக்கு மணி வந்தது. மணி அடித்ததும் கேட்டைப் பூட்டினார்கள். பிந்தி வந்தவனுக்குக் கூலியில் வெட்டு. முதலாளி கடிகாரத்தையே தனக்கு வசதியாகத் தள்ளி வைக்கிறான் என்று சனங்கள் முணுமுணுத்தார்கள்.

சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அவருடைய சுரங்கத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். மனைவியும் இப்போது இல்லை. "நான் இப்பவும் விடிய முதல் எழும்பி, சப்பாத்தும் போட்டிட்டு இருக்கிறன். பூட்டுறதுக்குத்தான் ஒரு கேட் இல்லை" என்றார்.

மேற்பார்வை

கார்ல்ஸ்ரூஹேயில் கணினி வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தம்பதி ஒன்று வந்தது. தமிழ் முகங்களைக் கண்டதும் எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. தறிகளுக்கு நடுவே உலாவிய மேற்பார்வையாளரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே அளந்தேன். கதைத்தால் அபராதம், யன்னல் திறந்தால் அபராதம், விசிலடித்தால் அதற்கும் அபராதம்.

மனைவி "ஐயோ பாவம்" என்றார். கணவரின் போன் அதிர்ந்தது. விடுமுறை நாளென்றும் பாராமல் எடுத்து, ஏதோ பதில் அடித்துவிட்டு நிமிர்ந்தார். "அந்த ஓவர்சியராவது நடந்து வரணும் அக்கா. எங்க மேனேஜருக்கு, நாங்க கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடலைன்னாலே ஸ்கிரீன்ல தெரிஞ்சிடும்."

ராசன் அண்ணையின் விரல்

சட்டத்தைப் பற்றிச் சொல்ல வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நூற்கும் இயந்திரத்துக்கு அடியில் ஊர்ந்து பஞ்சு பொறுக்கிய குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைக்கவே இங்கிலாந்தில் அத்தனை இழுபறி. பிறகு பெண்களின் நேரம், பிறகு பல்சக்கரத்துக்கு ஒரு மூடி, மூடி இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆய்வாளர். கை போனவன் நட்டஈடு கேட்டால், ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்று நீதிமன்றமே நெடுங்காலம் திருப்பி அனுப்பியது.

ராசன் அண்ணை மன்னார்க்காரர், எங்கள் தேவாலயத்தில் பாடுபவர். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இயந்திரம் அவருடைய விரல் ஒன்றை எடுத்துவிட்டது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து குடும்பத்தோடு தறி பார்க்க வந்தவர், இதைக் கேட்டதும் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். "அவங்களுக்குச் சட்டம் இருக்கேல்லை, தங்கச்சி. எனக்கு இஞ்ச எல்லாச் சட்டமும் இருந்தது. விசா போயிடும் எண்டு பயந்து, வீட்டில கறி வெட்டேக்க போனது எண்டு நான்தான் சொன்னனான்."

காது

இங்கிலாந்து ஆலைப் பெண்கள் ஒருவர் வாயசைவை ஒருவர் பார்த்தே கதைத்தார்கள். அந்தச் சத்தத்தில் வேறு வழி இல்லை. எனக்குக் காதுமூடி தந்திருந்தார்கள். ஆனால் தறி ஓடும்போதுதான் வருகிறவர்களுக்குக் கேள்வி பிறக்கும். ஒரு மனிதர் வந்து கேள்வி கேட்க, காதைப் பொத்திக்கொண்டு நிற்பது நம் வளர்ப்புக்கு அடுக்குமா? கழற்றிவிடுவேன். காதில் விழாததை உதட்டில் படிப்பேன். ஜெர்மன் உதடுகள் எனக்கு அத்துப்படி ஆனதால், காது அடைத்துக்கொண்டு வருவதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கும் கண்டுபிடிக்க விருப்பம் இருக்கவில்லை.

காதைச் சோதிக்க வேலையிடத்து மருத்துவரிடம் டெர்மின், அதுதான் நாளும் நேரமும் குறித்த கடிதம், வந்தது. கூண்டுக்குள் இருத்தி, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அங்கே படிப்பதற்கு உதடு எதுவும் இல்லை. தறியை இனித் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. கீழ்த்தளத்தில் வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டும் வேலை தந்தார்கள், அதற்கு நேரமும் குறைவு, சம்பளமும் குறைவு. மலசலகூடத்துக்குள் போய் அழுதேன். பொறுப்பாளர் சபீனே நல்ல மனுசி, வெளியில் காத்து நின்று, நான் படிக்க வசதியாக முகத்தை நேரே காட்டிச் சொன்னார்: "சட்டம் உங்களைக் காப்பாத்தத்தான் இருக்குது, கோவிக்காதேங்கோ."

மகள்

என் மகள் ஹனோவரில் படிக்கிறாள். தொலைபேசியில் அவள் குரல் எனக்கு வெறும் இரைச்சலாகிவிட்டது. காதுக் கருவி வரும்வரை வீடியோவில் கதைக்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரு பின்னேரம் அழைத்தாள். கண்கள் சிவந்திருந்தன, ஏதோ நடந்திருக்கிறது. வாயையே உற்றுப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. நான் உதடு படித்துப் பழகியதெல்லாம் ஜெர்மனில். தமிழை அப்படிப் படிக்க ஒருநாளும் தேவை வந்ததில்லை. அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெற்ற பிள்ளை என்ன சொல்லி அழுகிறது என்று தெரியாமல் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில், "ஜெர்மனில சொல்லு பிள்ளை" என்று கெஞ்சினேன். அவள் அழுகையை நிறுத்தி என்னையே பார்த்தாள். பிறகு ஜெர்மனில், மெதுவாக, ஒரு சொல்லும் தவறாமல் எனக்கு விளங்கும்படி கேட்டாள்: "வீட்டில ஜெர்மன் கதைக்கக் கூடாது எண்டு சட்டம் போட்டது நீங்கள்தானே அம்மா?"

தறி இங்கிலாந்துக்காரனுடையது, காதைக் காக்கும் சட்டம் ஜெர்மன்காரனுடையது, இரண்டுக்கும் நடுவில் போனது மட்டும் எங்கள் வீட்டுத் தமிழ்.