அம்சவல்லியின் உச்சியில் பிடித்த நாற்று

அம்சவல்லி முடியை விரித்துக் காயவைத்தால் அரைக் களத்து நெல் காயாது. அவ்வளவு நிழல் விழும். திருவிடைமருதூர் பக்கத்து ரைஸ் மில்லில் நெல் அவிக்கிறவள். 1970இல் அந்தத் தலையின் உச்சியிலேயே காலணா அகலத்துக்குப் புழுவெட்டு விழுந்தது. ஒரே மாதத்தில் உள்ளங்கை அகலம்.

அவள் புருஷன் முருகையன் அப்போது திருச்சி ஜெயிலில் இருந்தான். பண்ணையார் மறைத்து வைத்த உபரி நிலத்தில் கொடி நட்டதற்கு ஒரு வருஷம்.

"மாசா மாசம் வா புள்ள. உன்னப் பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவன். இரண்டு மாதமாக அவள் போகவில்லை. வழுக்கையோடு எப்படிப் போவாள்? முக்காடு போட்டுப் போனால் சாவுச் சேதி என்று பதறிவிடுவான்.

நாட்டுமருந்துக் கடை லத்தீஃபா சின்ன வெங்காயச் சாறு தடவச் சொன்னாள். தடவிய தடவில் தெருவிலிருந்த ஈயெல்லாம் கண்ணீர் விட்டது. ஒரு முடி முளைக்கவில்லை.

"முன்னாடி எண்ணெ வச்சியா?" என்றாள் லத்தீஃபா.

"வைக்காம? கை நெறைய நல்லெண்ணெ, அப்புறம் சாறு. வெறுந்தலையில யாராச்சும் எதையாச்சும் தடவுவாங்களாக்கா?"

"அடிப்பாவி! சேம்பு எலையில தண்ணி ஊத்துனாப்புலதான். தோலுக்குள்ள எப்புடிடி எறங்கும்? காதுல வழிஞ்சு அங்கதான் வெங்காயம் மொளைக்கும்!"

மறுநாளிலிருந்து முறை மாறியது. சீயக்காயால் எண்ணெய் போக்கி, நெல் அவிக்கும் ஆவியில் துணியைக் காட்டி உச்சியில் ஒத்தடம். உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும் பிராய் இலையால் தோல் சிவக்க இரண்டு இழுப்பு. அதன் மேல் சாறு. அவள் போட்ட கூச்சலைக் கோயில் சங்கு என்று நினைத்துப் பாதித் தெரு கும்பிட்டது.

"அக்கா, தெரியுதா?" தினமும் இதே கேள்வி.

இரண்டு மாதம் கழித்துத்தான், "தெரியுதுடி, பூன முடியாட்டம்" என்றாள் லத்தீஃபா. அன்றைக்கே அம்சவல்லி திருச்சிக்கு ரயிலேறினாள்.

ஜெயிலில் இருவருக்கும் நடுவே இரட்டைக் கம்பிவலை. முருகையன் பாதியாக இளைத்திருந்தான்.

"நாலு மாசம்! என்னைய மறந்துட்டியா புள்ள?"

அவள் குனிந்து உச்சியைக் காட்டினாள்.

"இதுக்கா வரல? நாத்து நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

வலைக்குள் விரலை விட்டான். நகம்தான் வெளியே வந்தது. அவள் தலையை வலையில் அழுத்தினாள். உச்சியில் முளைத்த முடி அவன் நகத்துக்கு அரை விரற்கடை எட்டவில்லை. காவலர் நேரமாகிவிட்டது என்றார்.

"அழுவாத. இன்னுங் கொஞ்சம் வளரட்டும்" என்றான். "அடுத்த மாசம் எட்டிரும்."