என் சிவப்பு காருக்கு அண்ணன் ஊற்றிய மருந்துகள்

தோல் பதனிடுகிற எங்கள் ஆம்பூர்ப் பக்கம் எதற்கும் ஒரே வைத்தியம்தான்: இன்னும் கொஞ்சம் கெமிக்கல் போடு. தோல் விறைப்பாக வந்தால் டிரம்மில் எண்ணெயைக் கூட்டுவார்கள். சாயம் சரியாகப் பிடிக்காவிட்டால் இன்னொரு கேனைத் திறப்பார்கள். சுற்றுகிற டிரம்முக்குள் எதையாவது ஊற்றிக்கொண்டே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இந்த ஊர்த் தண்ணீரிலேயே கலந்திருக்கிறது. என் அண்ணன் வேலூரில் தோல் கெமிக்கல் வியாபாரம் செய்கிறவர். அப்படிப்பட்ட மனிதரின் பார்வையில் என் கார் பட்டது.

கார் சிவப்பு. இரண்டு கதவு, இரண்டே இருக்கை, தரையோடு படுத்த உடம்பு. பெங்களூரில் ஒருவர் வெளிநாடு கிளம்பும்போது விற்ற பழைய வண்டிதான். தோல் ஃபேக்டரியில் சாம்பிள் அறையைப் பார்த்துக்கொள்கிற, நாற்பதைத் தாண்டிய பொம்பளைக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எனக்குப் பிடித்தது, வாங்கினேன். தினமும் ஃபேக்டரிக்கும் அதில்தான் போவேன்; ஆனால் அதை வைத்திருந்ததே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏலகிரி ஏறத்தான். கொண்டை ஊசி வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முதுகை இருக்கையோடு சேர்த்து ஒரு அழுத்து அழுத்தும் பாருங்கள், அதற்காக வாரம் முழுக்க எக்ஸ்போர்ட்காரர்களின் வசவைப் பொறுத்துக்கொள்வேன்.

போன வருஷம் அந்த அழுத்தம் காணாமல் போனது. ஏற்றத்தில் மிதித்தால் சத்தம் மட்டும் வந்தது, வண்டி வரவில்லை. பெட்ரோலும் முன்னைவிட ஜாஸ்தி குடிப்பதுபோல் இருந்தது. ஒரு நாள் பின்னால் வந்த சுற்றுலா வேன் ஹாரன் அடித்து என்னை ஓரங்கட்டிவிட்டு ஏறிப் போனது. உள்ளேயிருந்த பிள்ளைகள் எனக்குக் கையாட்டினார்கள். உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

விஷயத்தைக் கேள்விப்பட்ட அண்ணன் அன்று சாயங்காலமே வந்து நின்றார்.

"இன்ஜினுக்கும் ஃபீடு குடுக்கணும்மா. தோலுக்கு எண்ணெ குடுத்தாதான மெத்துனு வருது? இதுவும் அப்டிதான்."

முதலில் பெட்ரோலில் ஊற்ற ஒரு பாட்டில் வந்தது. அடுத்து இன்ஜின் ஆயிலில் கலக்க ஒரு டின். பிறகு பெட்ரோல் குழாயைச் சுற்றிக் கட்ட இரண்டு காந்தம். கடைசியாக, மெக்கானிக்குகள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பதற்காக ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் இடத்தில் செருகுகிற ஒரு குட்டிப் பெட்டி. செருகினால் நீல விளக்கு கண்சிமிட்டும். பெட்ரோல் கம்மியாகும், வேகம் ஏறும் என்று அட்டையில் போட்டிருந்தது. பாட்டில் மருந்து சில இன்ஜின்களில் அழுக்கைக் கழுவும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். என் வண்டி அதைக் குடித்துவிட்டுப் பழையபடியே முனகியது. நீல விளக்கைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்சிமிட்டியே பெட்ரோலை மிச்சம் பிடிக்க முடியுமென்றால், அதற்காகவே மண்டையை உடைத்துக்கொள்கிற கார் கம்பெனிக்காரன் ஃபேக்டரியிலேயே அதை மாட்டி அனுப்பியிருக்க மாட்டானா?

இதை ஒரு மதியச் சாப்பாட்டில் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தப் பொட்டி இல்லன்னா உன் வண்டி இன்னும் மோசமா போயிருக்கும். பேஜார் புடிச்ச வண்டி. வித்துடு. பெங்களூர்ல என் தோஸ்த்துக்குத் தெரிஞ்சவரு வாங்கிக்கிறேன்றாரு."

"டிரையல் போட்டுப் பாக்கலாம்ணா. பொட்டியால வண்டி ஏறுச்சுன்னா நான் வாய மூடிக்கிறேன். எப்டியுமே ஏறலன்னா வித்துடறேன்."

வீடே சாட்சியாக உட்கார்ந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கொடுத்த வாக்கை யாரும் மாற்றுவதில்லை.

சாம்பிள் அறையில் என் பிழைப்பே டிரையல் போடுவதுதான். புதுக் கெமிக்கலோடு யாராவது வந்து நின்றால் அவர் பேச்சைக் கேட்க மாட்டோம். ஒரு மாட்டுத் தோலை முதுகு வழியாக இரண்டாக வெட்டுவோம். இடது பாதிக்குப் பழைய கெமிக்கல், வலது பாதிக்குப் புதியது. ஓரத்தில் துளை போட்டு அடையாளம் வைத்துக்கொண்டு, எது எதுவென்று சொல்லாமல் தரம் பிரிக்கிறவர் கையில் கொடுப்போம். ஒரே மாட்டின் இரண்டு பாதி என்பதால் யாரும் சாக்குச் சொல்ல முடியாது. காரை இரண்டாக வெட்ட முடியாது. ஒரே வண்டி, ஒரே மலை, ஒரே டிரைவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை ஏலகிரி அடிவாரத்துக்கு அண்ணனோடு போனேன். காந்தங்களைக் கழற்றியாகிவிட்டது. நீல விளக்குப் பெட்டி இருக்கும் இடத்தைக் கறுப்புத் தோல் துண்டால் மூடி ஒட்டியிருந்தேன். ஓட்ட வேண்டியவர் அவர். இரண்டு முறை ஏறி இறங்கி, எப்போது பெட்டி இருந்தது என்று அவரே சொல்ல வேண்டும். முதல் முறை ஏறி இறங்கி வந்தார். டீ குடிக்க அனுப்பிவிட்டு நான் தோல் துண்டுக்கு உள்ளே கையை விட்டேன். இரண்டாவது முறை ஏறி இறங்கி வந்ததும் கதவைத் திறக்கும் முன்பே சொன்னார்:

"இதான்! சத்தமே வேற மாதிரி இருக்குது. இப்பதான் பொட்டி இருந்துச்சு."

நான் டீக்கடைப் பெஞ்சில் வைத்திருந்த என் கைப்பையைத் திறந்து, முதல் முறை முடிந்ததுமே கழற்றிவிட்டிருந்த பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அண்ணன் வியாபாரி. தோற்ற இடத்திலிருந்தே அடுத்த பேரத்தை ஆரம்பித்தார்.

"சரிம்மா, பொட்டி வேஸ்ட்டு. ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு தடவையும் வண்டி சரியா ஏறல பாத்தியா? அப்ப இன்ஜின்தான் போச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம அந்தப் பெங்களூர்க்காரர இங்கியே வரச் சொல்றேன்."

 எப்படியும் ஏறாவிட்டால் விற்கிறேன் என்று சொன்னது நான்தானே. வாதத்தில் ஜெயித்து வண்டியைத் தோற்றுவிட்டேன் என்று வழியெல்லாம் குமுறிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். 

திங்கட்கிழமை ஃபேக்டரியில் தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்பிரே துப்பாக்கி மக்கர் செய்தது. சாயம் புகையாக விழாமல் சொட்டுச் சொட்டாக வந்தது. ஆபரேட்டர் சாயத்தில் எதையும் கலக்கவில்லை. நேராகப் போய்க் காற்று வரும் ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிட்டு வந்தார். துப்பாக்கி பழையபடி வேலை செய்தது. தினமும் நடக்கிற காரியம்தான். அன்றைக்கு மட்டும் நான் அப்படியே நின்றுவிட்டேன். என் வண்டி குடிக்கிறதில் எல்லாம் மருந்து கலந்தோம். அது மூச்சு விடுகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கார் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். நிழல் கிடைக்கிறதே என்று தினமும் அதைப் பஃபிங் ஷெட்டின் பின்சுவரை ஒட்டித்தான் நிறுத்துவேன். தோலை உப்புத்தாள் உருளையில் தேய்த்து மழமழப்பாக்கும் ஷெட் அது. அங்கேயிருந்து வருகிற தூசு மாவைவிட மெல்லியது. என் சிவப்பு காரைத் தினமும் காலையில் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். பானெட்டைத் தூக்கினேன், இன்ஜினுக்குக் காற்று போகும் ஃபில்டர் டப்பாவின் கிளிப்புகளை நெம்பினேன். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய காகிதம் கம்பளிபோல ஒரே தட்டையாக அடைந்திருந்தது. அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன். ஷெட்டிலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

புது ஃபில்டர் பெங்களூரிலிருந்து சனிக்கிழமைதான் வந்தது. மாட்டினேன். மலையில் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. ஊருக்குள் ஓட்டியதில் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஏலகிரி சொல்கிற வரைக்கும் எனக்கு நம்பிக்கையில்லை.

ஞாயிறன்று அடிவாரத்தில் அண்ணன் பக்கத்தில் பெங்களூர்க்காரர் நின்றிருந்தார். இன்ஜின் போன வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்க வந்தவரின் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. ஒரு தடவை ஏறிக் காட்டுகிறேன் என்று அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். முதல் வளைவு வரை மெதுவாகவே போனேன். வளைவு முடிந்தது. மிதித்தேன்.

என் முதுகு இருக்கையில் அழுந்தியது.

அப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி என்னை முந்திக்கொண்டு பாய்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இறங்கி வந்து நிறுத்தியதும் அவர் அண்ணனிடம் போய், "இன்ஜின் போச்சுன்னு சொன்னீங்களே சார்? நீங்க சொன்ன விலைக்கு மேலேயே போட்டுக் குடுத்துடறேன், இப்பவே எடுத்துக்கறேன்" என்றார்.

அண்ணன் அவரைப் பார்க்கவேயில்லை. மலையில் என் வண்டி ஏறிய சத்தம் கீழே வரைக்கும் கேட்டிருக்கிறது. என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இன்னா போட்டே?"

"ஒண்ணும் போடலண்ணா. எடுத்தேன்."

பழைய ஃபில்டரை அவர் கையில் கொடுத்தேன். தோல்காரர் இல்லையா, முதலில் விரலால் தேய்த்தார், பிறகு மோந்து பார்த்தார். பஃபிங் தூசு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.  அப்புறம் பெங்களூர்க்காரர் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கோங்க சார். இது விக்கிற வண்டி இல்ல, என் தங்கச்சி வண்டி."

சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமலேயே பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"இன்னாத்துக்கு நிக்கிறே? மேல ஏத்து."