வாப்பாவுக்கு முன்னால் நான் விழுங்கிய குளிசைகள்

பள்ளிவாசல்துறையில் படகைக் கரையேற்றும்போது வாப்பாவின் முழங்கால்கள் நெரிபடும் சத்தம் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். மூட்டுத் தேய்வு. தொழுகையைக்கூடக் கதிரையில் இருந்தே தொழத் தொடங்கியிருந்தார். குங்கிலியப் பிசினில் செய்த குளிசை மூட்டுவலிக்குச் சுகம் தருகிறதா என்று புத்தளத்தில் ஒரு டொக்டர் சோதிக்கிறார் எனக் கேள்விப்பட்டு, தானும் பெயர் கொடுத்து, இரண்டு மாதத்துக்கான ஒரு போத்தலோடு வீடு வந்தார்.

உம்மாவின் தம்பியான மாமா அந்தப் போத்தலைக் குலுக்கிப் பார்த்தார்.

“எலிக்குக் குடுத்துப் பாத்து முடிஞ்சிச்சாம். இப்ப மச்சானுக்குக் குடுத்துப் பாக்கப் போறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள், வாப்பாவும்தான்.

“எலிக்கு என்ன நடந்திச்சு மாமா?” என்று நான் கேட்டேன்.

“அத ஆரு கண்டா? மருந்தெல்லாம் மெதுவாத்தான் மகள் வேலை செய்யும்.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆளில்லாத நேரம் போத்தலைத் திறந்து மோந்தேன். வாப்பாவின் தங்கையான மாமி முந்தின மாதம் இறந்து, அவரது மையித்தைக் குளிப்பாட்டிய அன்று வீடெல்லாம் புகைந்த அதே குங்கிலிய வாசம். மூடியை இறுக்கித் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் விடியற்காலை, வாப்பா தொழுவதற்குப் பள்ளிவாசலுக்குப் போனதும், ஒரு குளிசையை விழுங்கினேன். ஏதாவது நடப்பதானால் எனக்கு முதலில் நடக்கட்டும். அதைப் பார்த்து வாப்பா நிறுத்திவிடுவார். மெதுவாக வேலை செய்யும் என்று மாமா சொன்னதால் ஒவ்வொரு நாளும் விழுங்கினேன். வகுப்பில் நெஞ்சில் கைவைத்து, துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேயிருப்பேன். கழுத்தில் நுளம்பு கடித்துத் தடித்த அன்று, முடிவு வந்துவிட்டதென்று என் கொம்பாஸ் பெட்டியைப் பக்கத்து வாங்குப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது கிழமை வாப்பா கதிரையை ஒதுக்கிவிட்டு நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்தார். எழும்பும்போது முனகவில்லை. உம்மா அழுதுவிட்டார். என் பயமோ இரட்டிப்பானது. வலி தெரியாமல் உடம்பு மரத்துப்போவதும் சாவதற்கு முன் வருவதுதான் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் முடிந்ததும் வாப்பா கிளினிக்குக்கு என்னையும் கூட்டிப்போனார். நேர்ஸ் மிஸ் மிச்சக் குளிசைகளைத் தட்டில் கொட்டி எண்ணினார்.

“நாநா, இதுல முப்பது குறையுதே?”

வாப்பா குழம்பிப்போய்த் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் உதடு துடித்தது. அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“நான்தான் மிஸ். வலி கூடின நேரம் கூடப் போட்டுட்டன்.”

டொக்டர் வந்தார். அவருக்கும் கவலைதான். “சொன்ன அளவ விடக் கூடப் போட்ட ஆள இந்தச் சோதனையில வச்சிக்கேலாது, நாநா. இந்த மருந்து வெளிக்கடையிலயும் இல்ல” என்று சொல்லிப் போத்தலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

பஸ் பாலாவியைத் தாண்டியபோது வாப்பா மெதுவாகக் கேட்டார்.

“வயிறு நோகுதா மகள்?”

“இல்ல வாப்பா.”

என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். போத்தல் போய்விட்டது, வாப்பா தப்பிவிட்டார் என்று நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டேயிருந்தேன். எங்கள் சந்தியில் அவர் கம்பியைப் பிடிக்காமல், இளந்தாரி மாதிரி, ஒரே எட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அப்படி அவர் இறங்கியது அதுவே கடைசி என்பது தெரியாமல், நான் சந்தோஷத்தில் பின்னால் குதித்தேன்.