தீப்பெட்டி வீடுகள்

காலை பதினொன்றே காலுக்கு எங்கள் வீடு விழுந்தது. ஐந்தாம் வகுப்பு மேசையில், மணல் பரப்பிய இரண்டு பலகைகளின் மேல் வாத்தியார் நிறுத்திவைத்த தீப்பெட்டிகளில் ஒன்றுதான் அது. காய்ச்சிய பாலின் மேல் ஏடு மிதப்பதுபோல் பூமியின் மேலோடும் துண்டு துண்டாக மிதக்கிறது என்றார். பலகைகள்தான் அந்தத் துண்டுகள். ஒன்றை இழுக்க என்னைக் கூப்பிட்டார். ஒரு பெட்டியைத் தவிர எல்லாம் சரிந்தன. நிலம் நடுங்கினால் ஓட்டுக் கூரைக்குக் கீழே நிற்காமல் வெட்டவெளிக்கு ஓட வேண்டும் என்றார். பலகையை இழுத்த பெருமையில் அதை மனப்பாடமே செய்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசி. புதுச்சத்திரத்துக்கு மேற்கே, பள்ளிக்கூடத்தை ஒட்டிய எங்கள் காட்டில் அப்பா கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். பாறைக்கு வேட்டு வைக்கும்போதெல்லாம் மாமா வரப்பில் நின்று கத்துவார். கல் பறக்கும் என்று ஊரே கூரைக்குள் போய்விடும். அன்றும் கத்தினார். நானும் கேட்டேன். முதல் வேட்டில் தரை அதிர்ந்தது, ஓட்டுத் தூசி உதிர்ந்தது, மிச்சமிருந்த தீப்பெட்டியும் விழுந்தது. "வேட்டுதான், உக்காருங்க" என்று வாத்தியார் சொன்னது என் காதில் ஏறவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்த தம்பியை இழுத்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு ஓடினேன்.

"வேட்டுதான் அக்கா. உள்ள போலாம்" என்றான்.

"ரெண்டாங்கிளாசுக்கு என்னடா தெரியும்?" என்றேன்.

இரண்டாவது வேட்டில் வந்த கல் அவன் கணுக்காலில் விழுந்தது. அந்தக் கால் பிறகு நேராகவே இல்லை.

போன வாரம் என் மகள் நிலநடுக்க மாதிரி செய்ய அட்டை கேட்டாள். வகுப்பில் ஓடச் சொன்னார்களா, உட்காரச் சொன்னார்களா என்று மூன்று முறை கேட்டேன். அவளுக்கு எரிச்சல்.

அன்று வாத்தியார் தன் வேட்டியைக் கிழித்துத் தம்பியின் காலில் கட்டினார். இவனை வெளியே கூட்டி வந்தது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் அப்பா ஓடி வந்துவிட்டார், கையெல்லாம் வேட்டு மருந்து நாற்றத்தோடு. பின்னாலேயே மாமா. அப்பா காலைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார்.

"புள்ளைய ஒண்ணும் கேக்காதீங்க சார். சத்தம் போட இன்னைக்கு ஆளு நிறுத்தலீங்க. தப்பு எம்மேலதானுங்க."

கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்த மாமா, தலையைக் குனிந்துகொண்டார். மாமா கத்தியதை அப்பா எப்படி மறந்தார் என்பது மட்டுமே அன்று எனக்குப் புரியவில்லை.