பீரோவுக்குப் பின்னால் ஒரு சாண் கரி

சிகந்திராபாத் லோத்குண்டாவில் லலிதாம்பாளின் சுத்தம் ராணுவத்துக்கே தெரியும். கண்டோன்மென்ட் சிப்பாய்கள் அவள் வாசலைத் தாண்டும்போது பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். காக்கா அடுத்த வீட்டு மாடியில்தான் உட்காரும். நம்பாதவர்கள் காக்காவையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில்தான் ஒரு மத்தியானம் படுக்கையறை ஏ.சி. தீப்பிடித்தது. தூங்கிக்கொண்டிருந்த மருமகள் சுப்ரியா செத்துப்போனாள். மகன் ரஞ்சன் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். போலீஸ் வந்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது.

பிணம் போன வீட்டைக் கழுவாமல் விடுவார்களா? லலிதாம்பாள் கழுவினாள். தண்ணீருக்குக் கரி அசையவில்லை. பெயிண்ட் அடித்தவர்கள் விட்டுப்போன தின்னர் பரணில் இருந்தது. அதை ஊற்றித் தரையையும் சுவரையும் தேய்த்தாள். கருகிய ஒயர்களைக் குப்பை வண்டியில் போட்டாள்.

பிறகுதான் சுப்ரியாவின் அண்ணன் சந்தேகம் என்று புகார் கொடுத்தார். தடயவியல் நிபுணர் இர்பான் வந்து தரை இடுக்கில் சுரண்டி எடுத்துப்போனார். பரிசோதனையில் தின்னர் தெரிந்தது. தின்னர் ஊற்றிக் கொளுத்தினான் என்று ரஞ்சனைக் கொலை வழக்கில் பிடித்துப்போனார்கள்.

அரசு வக்கீல் கணேஷ்குமார் சிகந்திராபாத் தமிழர். சாட்சிக் கூண்டில் நின்ற லலிதாம்பாளைக் கேட்டார்:

"கைக்கும்மா, ஏன்மா, யாராவது தின்னர் ஊத்தி வீடு துடைப்பாங்களா?"

"பின்னே, பன்னீர் ஊத்தியா துடைப்பா? கரி போகலையே!"

கோர்ட்டே சிரித்தது.

"பையனைக் காப்பாத்த எந்த அம்மாவும் இப்படித்தானே சொல்வாங்க?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இர்பான் எதையும் ஒளிக்கவில்லை. "தின்னர் தீக்கு முன்னாடி ஊத்தினதா, பின்னாடி ஊத்தினதான்னு எங்களால சொல்ல முடியாது. ஒயர் இருந்தா ஷார்ட் சர்க்யூட்டான்னு பார்த்திருக்கலாம்" என்றார். ஒயர் ஊர்க் குப்பையோடு குப்பையாய்ப் போயிருந்தது. தாயின் சாட்சியம் பாசத்தில் சொன்னது என்றது தீர்ப்பு. ஆயுள் தண்டனை.

லலிதாம்பாள் பஸ் பிடித்து, குஷாய்குடா தாண்டி இருக்கும் ஜெயிலுக்குப் போய், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று ரஞ்சனிடம் சொன்னாள்:

"பீரோக்குப் பின்னாடி ஒரு சாண் கரி மிச்சம் இருக்குடா. நான் தொடலை, தின்னர் படலை. அப்பீல்ல வந்து பார்க்கட்டும்."

"வெறும் கரியை வச்சு ஒண்ணும் ஆகாது, யாரும் வரமாட்டாங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரேம்மா. துடைச்சுடு."

"நக்கோ, வேண்டாம்டா. துடைச்சதெல்லாம் போதும்."

வீட்டுக்கு வந்ததும் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தி எட்டிப் பார்த்தாள். கரிமேல் ஒட்டடை கட்டியிருந்தது. ஊதக்கூடப் பயந்து, பீரோவைப் பழையபடி தள்ளிவைத்தாள்.